மேகமில்லாத மத்தியானம்

நிலக்கரி மின்நிலையத்தை இழுத்து மூடிய பிறகு, இருபத்தாறு வருஷம் கொதிகலனோடு மல்லுக்கட்டிய மனுஷரைக் கொண்டுபோய் சூரிய மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்தார்கள். கூட இருந்தவர்கள் அவரை இன்னும் பாய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். தேறினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஐம்பத்தோரு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்? மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி.

இன்று கடைசி நாள். மூன்று மாதமும் கொளுத்தும் கோடை, வானத்தில் மேகமே தட்டுப்பட்டதில்லை. காலையிலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டார். திரையில் நாற்பது மெகாவாட் என்று நின்ற எண் இரண்டே நிமிஷத்தில் பன்னிரண்டுக்கு விழுந்தது. கொதிகலனில் அப்படி விழுந்தால் உள்ளே குழாய் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் நிறுத்து, அப்புறம் கேள். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

இன்ஜினியர் ஓடி வந்தாள். அவருடைய மகளைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான்.

"அண்ணா, மேகம் மறைச்சிருக்கு. ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்திருக்கலாம்ல?"

"மேகத்துக்கெல்லாமா மேடம் இப்படி விழும்?"

"விழும். அதுவே ஏறிக்கும். இன்னொரு தடவை அமுக்கினீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

திரும்ப ஓட வைக்க முக்கால் மணி நேரமாயிற்று.

மத்தியானம் மறுபடி எண் சரிந்தது. நாற்பது, முப்பது, பதினைந்து. பாய்லர் ஜன்னலுக்கு ஓடினார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அமுக்கினால் வேலை போகும். அமுக்காமல் விட்டு எங்காவது தீப்பிடித்தால்? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, தொண்டை கிழிய இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

அவள் வந்து நிதானமாகப் பார்த்தாள். "இது ஊருக்கெல்லாம் கரண்ட் பங்கிடுற மேலிடத்துல குறைச்சது அண்ணா. இன்னைக்கு லீவு, ஃபாக்டரி எதுவும் ஓடல. கரண்ட் அளவுக்கு மேல இருக்கு, வாங்க ஆளில்ல."

"அளவுக்கு மேலயா?" திருதிருவென்று முழித்தார். போதவில்லை, இன்னும் கொடு என்று திட்டு வாங்கியே முடி நரைத்தவர். "இவ்வளவு வெயிலை வச்சுக்கிட்டு, வேணாங்கிறாங்களா?"

"சேத்து வைக்கிற பேட்டரி இன்னும் வரலையே. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அது எங்க தப்பு. நல்லவேளை, நீங்க ஒண்ணும் செய்யல."

அங்கேயே நின்றபடி, அவர் தேறிவிட்டார் என்று வேலைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்குள் நுழையுமுன் மனைவி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"அப்படி என்னங்க செஞ்சு காட்டினீங்க?"

என்ன செய்தார்? கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். வேலை கிடைத்த அன்றைக்கு, வேலை போனவர் மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏனென்று அவருக்கே விளங்கவில்லை.