நூற்று எழுபத்திரண்டு சக்கரங்களும் தூங்காத ஒருவரும்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு எழுத முடியும்.

அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த நகைச்சுவைக் கதை. தலைப்பு 'குறட்டை'. கார் விற்கும் கம்பெனி ஒன்றின் யார்டில் நாற்பத்து மூன்று புதுக் கார்கள் நிற்கின்றன. திருடர்கள் வந்து அத்தனை கார்களின் சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். காவலாளி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். போகிற போக்கில் ஒரு திருடன், பாவம் குளிருமே என்று அவருக்குப் போர்வை போர்த்திவிட்டுப் போகிறான். அந்தப் போர்வைக்காகவே எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன.

அந்தக் காவலாளி என் அக்காவின் கணவர். கார்கள் உண்மை. சக்கரங்கள் போனதும் உண்மை. குறட்டை மட்டும் நான் விட்டது.

2

இந்த முறை எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் திண்டாடினேன்.

'திங்கட்கிழமை காலை ஷோரூமுக்கு வந்த விற்பனைப் பெண், கார்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டையாகிவிட்டதாக நினைத்தாள்.' இதில் பழைய கதையின் வாடை அடிக்கிறது. அடித்துவிட்டேன்.

'அத்தான் மிகவும் நேர்மையான'

(இந்த வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று நான்காம் பகுதியில் தெரியும்.)

சரி, ஆளைச் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்கு ஐம்பத்து மூன்று வயது. முன்பு ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தார். அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒன்பது வருஷம் அந்த யார்டில் காவல் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். என் கதை எதில் வந்தாலும் மூன்று பிரதி வாங்குவார். ஒன்று வீட்டுக்கு, இரண்டு வேலை செய்கிற இடத்துக்கு. "எங்க வீட்டுப் பொண்ணு எழுதினது" என்று சொல்லிக் கொடுப்பாராம். படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டு வந்துதான் சாவகாசமாகப் படிப்பார்.

3

அந்தத் திங்கட்கிழமை ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று கார்களும் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு காருக்கும் நான்கு அடுக்கு. அடுக்கு ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல. ஒரு காரில்கூடக் கீறல் இல்லை. கழற்றிய நட்டுகளை அந்தந்தக் காருக்கடியிலேயே குவித்து வைத்திருந்தார்கள். செங்கல்லைத் திருடர்கள் கொண்டுவரவில்லை. காவலாளிக்கு மழைக்கு ஒதுங்க ஓர் அறை கட்டித் தருவதாகச் சொல்லி இறக்கிய செங்கல் அது. இரண்டு வருஷமாகச் சுவரோரம் கிடந்து பாசி பிடித்திருந்தது. அறை கட்டவில்லை. கடைசியில் இதற்குத்தான் உதவியது.

(பழைய கதையில் இந்தச் செங்கல் கிடையாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.)

அன்றைக்குக் கார் எடுக்க ஒரு குடும்பம் புதுத்துணி உடுத்தி வந்திருந்தது. குடும்பத் தலைவர் மேனேஜரிடம் ஒன்றும் சொல்லவில்லை. யூனிபாரத்தோடு நின்ற அத்தானைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். போலீஸ் வந்து ரேகை எடுத்தது. வருகைப் பதிவேட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தானின் கையெழுத்து இருந்தது. 'காவலாளி அயர்ந்து தூங்கியிருக்கக்கூடும்' என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

அக்கா போன் பண்ணினாள். அவர் வாயே திறக்கமாட்டேன் என்கிறார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அழுதாள். தூங்கிவிட்ட வெட்கம், அதனால்தான் பேசவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பேசாத ஆளுக்கு வசனம் எழுதிக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. அன்று சாயங்காலமே உட்கார்ந்து 'குறட்டை'யை எழுதி முடித்தேன். அவ்வளவு சுலபமாக எனக்கு எந்தக் கதையும் வந்ததில்லை.

4

அத்தான் தூங்கவில்லை. அவர் யார்டிலேயே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார். வீடு பூட்டிக் கிடக்கும், அந்தத் தெருவில் திருட்டுப் பயம், நீ போய் இரண்டு நாள் படுத்துக்கொள் என்றார். யார்டை யார் பார்ப்பார்கள் என்று அத்தான் கேட்டிருக்கிறார். சுற்றுச்சுவர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காரை எவன் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போகப்போகிறான் என்றாராம். இரண்டு நாள் கையெழுத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மேனேஜரின் மனைவி பிளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அத்தான் அந்த வீட்டு வராந்தாவில் இரண்டு நாளும் கண்கொட்டாமல் காவல் இருந்தார். ஒரு செருப்புகூடக் காணாமல் போகவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு யார்டுக்குத் திரும்பியவர், வரிசை வரிசையாக எல்லாக் கார்களையும் சுற்றி வந்திருக்கிறார். பிறகு மேனேஜருக்கு போன் செய்தார்.

"இப்ப எங்க இருக்க?"

"யார்டுல சார்."

"நேத்தும் அங்கதான் இருந்த. முந்தாநாளும் அங்கதான் இருந்த. புரியுதா? மத்ததை நான் பாத்துக்கறேன்."

அத்தானுக்குப் புரிந்தது. இடத்தை விட்டுப் போனது தன் தப்பு என்பதும், நடக்காததற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பதும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டார். 'நேர்மையான' என்று எழுதப்போனபோது பேனா நின்றது இதனால்தான். இப்போதும் அந்தச் சொல்லை எழுதலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

5

மேனேஜர் ஒன்றும் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். அதுவரை அத்தான் தினமும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு. விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் என் கதை வெளிவந்தது. அத்தான் வழக்கம்போல மூன்று பிரதி வாங்கினார். வழக்கம்போலப் படிக்காமலேயே இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்று கணக்குப் பிள்ளைக்கு. இன்னொன்று மேனேஜருக்கு.

வீட்டுக்கு வந்துதான் படித்தாராம். படித்துவிட்டு அக்காவிடம் என்ன சொன்னார் என்று

(விட்டுவிடுகிறேன். அந்த இடத்தில் நான் இல்லை. இல்லாத இடத்தைப் பற்றி எழுதித்தான் இவ்வளவும்.)

விசாரணை அன்று அத்தான் துணிந்து உண்மையைச் சொன்னார். மேனேஜர் வீடு, வராந்தா, பிளாஸ்க், முன்கூட்டியே போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும். மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து பத்திரிகையை எடுத்து அதிகாரி முன்னால் பிரித்து வைத்தார்.

அதிகாரி படித்தார். போர்வை போர்த்துகிற இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"உங்க வீட்டுப் பொண்ணே நீங்க தூங்கினீங்கன்னு எழுதியிருக்காங்களே. அவங்களுக்கு உங்க மேல ஏதாவது கோபமா?"

"அது கதை சார்."

"அப்ப நீங்க சொல்றது?"

அன்றே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அவர் தனியாக என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான்காம் பகுதியில் உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

6

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

சக்கரங்கள் கிடைத்துவிடுவதாக ஒன்று. ஏதோ ஒரு கிடங்கில் நூற்று எழுபத்திரண்டும் அப்படியே இருக்கின்றன. கம்பெனிக்குச் சந்தோஷம். அத்தானுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. (நிஜத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.)

மேனேஜரின் மனைவி மனசாட்சி உறுத்தி நேரே அலுவலகத்துக்குப் போய், 'நான்தான் அவருக்கு டீ வைத்துவிட்டுப் போனேன்' என்று சொல்வதாக இன்னொன்று. நான்கு பக்கம் எழுதினேன். படித்தால் கண்ணீர் வரும். சரி, எழுதியதை நடத்தித்தான் பார்ப்போமே என்று ஒரு பகலில் அந்த அம்மாவைத் தேடிப்போனேன். நான் சொன்னதையெல்லாம் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"நீங்கதான் அந்தக் கதை எழுதினவங்களா? சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப்போச்சுங்க" என்றார்.

கதவைச் சாத்தும்போதுகூட மரியாதையாகத்தான் சாத்தினார். அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

7

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. அத்தான் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கிழிக்கிறார்.

அக்கா உள்ளே வா என்று சொல்லவில்லை. தாள்களை வாங்கி, நிலைப்படியில் சாய்ந்து நின்றே கடைசிவரை படித்தாள்.

"தூங்கினவர்னு தெரிஞ்சே இந்த வேலையைக் குடுத்தாங்க. வயசானவர், கண் அசந்திருப்பார்னு நினைச்சுக் குடுத்தாங்க. இடத்தை விட்டுட்டுப் போய்ப் பொய்க் கையெழுத்துப் போட்டவர்னு இதுல எழுதியிருக்க. இதைப் படிச்சா வெச்சிருப்பாங்களா?"

உள்ளேயிருந்து அத்தான் குரல் வந்தது. "போடட்டும் விடு. நான் தூங்கலைன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

"அந்த நாலு பேர் வந்து சோறு போடுவாங்களா?" என்று அக்கா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள். பிறகு என்னிடம் தாள்களை நீட்டினாள். "ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு எழுதியிருந்தா அப்பவே தீந்திருக்கும். இப்ப எழுதாம இருந்தாத்தான் தீரும்."

நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இது உங்கள் கைக்கு வந்துவிட்டதால் நான் யார் பேச்சை மீறினேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தான் கேட்டுக்கொண்டதற்காகத்தான் கொடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். கதை நன்றாக வந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். இதழ் கடைக்கு வரும் அன்று ஏழு மணிக்கு அவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். இந்த முறையும் மூன்று பிரதி வாங்கியிருப்பார். அதில் இரண்டை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பாரா, அதைப் படித்தவர்கள் அவரைச் சீட்டுக் கிழிக்கிற நாற்காலியில் உட்கார விடுவார்களா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டுச் சொல்லலாம்தான். அக்கா என் போனை எடுக்கமாட்டாள்.