மூன்று தட்டு

முந்தின நாள் மாலை முழுக்க ஊசி மாட்டிச் சுருட்டிய தலைமுடி. அதன்மேல் துணியைக் கட்டும்போது நெற்றியில் ஒரு சுருளை மட்டும் வெளியே விட்டாள் ஓபல். டெட்ராய்ட் பக்கத்து விமானத் தொழிற்சாலைக்கு இன்று பத்திரிகைப் படக்காரர் வருகிறார். ஆண்களெல்லாம் சண்டைக்குக் கப்பலேறிவிட்டார்கள், பெண்கள் விமானம் கட்டுகிறார்கள் என்று நாட்டுக்குக் காட்ட வேண்டுமாம். ஓபலுக்கு நாடு அப்புறம். கென்டக்கியில் இருக்கும் அம்மா நம்பினால் போதும். "வேலையாம் வேலை! எவன்கூடச் சுத்துறாளோ" என்று அம்மா தேவாலய வாசலிலேயே சொன்னதை ஊர்க்காரி ஒருத்தி வந்து சிந்தாமல் சிதறாமல் ஒப்பித்திருந்தாள்.

இறக்கைத் தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே கூட்டாளி தெல்மா கருவியைப் பிடித்து அடிப்பாள். சின்ன உடம்புக்காரி ஓபல் இறக்கைக்குள் நுழைந்து மறுபக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுப்பாள். முகம் பார்க்க வழியில்லாததால் கட்டையால்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு.

படக்காரர் துணிக்கடையில் சாயம் போகுமா என்று பார்ப்பவரைப்போல இருவரையும் பார்த்தார். "உயரமா இருக்கிற அம்மா மட்டும் போதும். சும்மா அடிக்கிற மாதிரி நில்லும்மா."

"மாதிரியெல்லாம் நமக்கு வராது சார். அந்தப் பக்கம் ஆளில்லாம அடிச்சா தகடு சொட்டை விழுந்துடும்," என்றாள் தெல்மா.

"அப்ப அவங்க உள்ள போகட்டும்."

சுருளும் தானுமாக ஓபல் உள்ளே போனாள்.

"சிரிம்மா!"

தெல்மா சிரித்துக்கொண்டே அடித்தாள். உள்ளிருந்து மூன்று தட்டு. பிடுங்கிவிட்டு வேறொன்று அடித்தாள். மறுபடி மூன்று. துளை வரிசையில் வாயை ஒட்டிக் கத்தினாள்: "ஏண்டி, கட்டையை ஆகாசத்திலயா பிடிச்சிருக்க?"

"ரிவிட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க அம்மாவுக்கு உன் மூஞ்சிப் படத்தை அனுப்பி, இதுதாம்மா நான்னு சொல்லவாடி?"

தெல்மாவின் சிரிப்பு நின்றது. "சார், இவளும் வெளிய வரட்டும்."

"ஃப்ளாஷ் பல்பு ஒண்ணுதாம்மா பாக்கி. அடி!"

அந்தப் படம் தபால் நிலையச் சுவர்களில் ஏறியது. சண்டை முடிந்து பல காலமான பின்னும் காப்பிக் கோப்பையிலும் பனியனிலும் விற்கிறது. நெரிந்த புருவம், இறுகிய தாடை. என்ன உறுதி, என்ன துணிச்சல் என்கிறார்கள் வாங்குகிறவர்கள். தெல்மா காதைத் தகட்டோடு ஒட்டி, இப்போது எத்தனை தட்டு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பல்பு வெடித்தபோது, ரிவிட் ஏறாத துளைகள் அத்தனையிலும் வெளிச்சம் கம்பி கம்பியாக இறக்கைக்குள் பாய்ந்தது. ஓபலின் கன்னத்திலும் கழுத்திலும் வெள்ளைப் புள்ளிகள். கட்டை கையில் இருந்தது. அவள் இன்னும் தட்டவில்லை.