ஆறு மணித்தியாலம்

“மரத்தை நம்பி ஒருநாளும் அளக்கக் கூடாது, செல்வம்.”

“ஏன், மரம் எழும்பி நடந்து போயிடுமோ?”

“மரம் நடக்காது. ஆரும் தறிச்சுப் போடுவாங்கள். கிணத்தையும் நம்பேலாது, தூர்ந்துபோகும். கல்லு வேணும். திணைக்களம் நட்ட கல்லு.”

“அப்ப என்னை எந்தக் கல்லிலை இருந்து அளந்து பிடிச்சனீங்கள்?”

“நான் எங்கை அளந்தனான்? உன்ரை கொப்பர்தான் என்னை அளந்தவர். மேலையும் கீழையுமா.”

கலியாணமாகி மூன்றாம் மாதம் நடந்த பேச்சு அது. நகுலேஸ்வரன் அப்போது நில அளவைத் திணைக்களத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம். அளவுச் சங்கிலியின் சேற்றைக் கிணற்றடியில் வைத்துக் கழுவிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

இப்போது செல்வமணி குச்சியில் செருகியிருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவருடைய உதடுகளில் ஒற்றினாள். மகளின் மில்பிடாஸ் வீட்டின் கீழ் அறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு, கடைசிக்காலப் பராமரிப்புக்கு வரும் ஹொஸ்பிஸ்காரர் கட்டில் போட்டிருந்தார்கள். ஒட்சிசன் இயந்திரம் மூலையில் ஒரே சீராக இரைந்தது. யன்னலுக்கு வெளியே மலைகள் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தன.

காலை வந்த நர்ஸ் அவருடைய பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகள் பவதாரணியைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதைத்தாள். திரும்பி வந்த மகளின் முகத்தைப் பார்த்ததுமே செல்வமணிக்கு விளங்கிவிட்டது.

“இண்டைக்கு எண்டுறாவோ?”

“இண்டைக்கு, இல்லாட்டி நாளைக்குக் காலமை.” பவதாரணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “காதுதான் கடைசி வரைக்கும் கேக்குமாம் அம்மா. ஏதும் கதைக்க இருந்தா கதைக்கச் சொன்னவ.”

கதைக்க இருந்தது ஒன்றுதான். முப்பத்துநான்கு வருடமாக இருந்தது.

பவதாரணிக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. யுத்த காலத்தில், ஆமி எல்லையோரக் கிராமங்களுக்குள் முன்னேறி வந்த அன்று, விடியப்புறம் ஐந்து மணிக்கு, வீட்டில் பிறந்தது. செல் விழுந்து வெடிக்கும் சத்தம் பக்கத்து ஊரில் கேட்டது. பிள்ளை அழுத சத்தம் செல்வமணிக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இரத்தப் போக்கு, மருத்துவிச்சி யாரையோ கூப்பிட்ட குரல், பிறகு ஒன்றுமில்லை. கண் விழித்தபோது மூன்று நாள் கழிந்திருந்தது. தூரத்து ஆஸ்பத்திரியில் பாயில் கிடந்தாள். நகுலேஸ்வரன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“பதினொரு மணி மட்டும் உயிரோடை இருந்தது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு மணித்தியாலம் அந்தப் பிள்ளை அவருடைய மடியில் இருந்திருக்கிறது. வீட்டு வளவுக்குள்ளேயே அவர் அதைப் புதைத்துவிட்டு, மனைவியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டபோது ஆமி பாலத்தடிக்கு வந்துவிட்டதாம். இதுவும் மருத்துவிச்சி சொல்லித்தான் தெரியும்.

ஆமி பதினெட்டு நாள் ஊரில் இருந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. மறுநாளே அவர் தனியாகச் சைக்கிளில் போனார். பொழுதுபட வந்தபோது முழங்கால் இரண்டிலும் மண்.

“வீடு இல்லை. கிணத்தை மூடி மண் அணை கட்டியிருக்கிறாங்கள். புளியமரத்தையும் தறிச்சுப் போட்டாங்கள், பங்கர் குழிக்கு மேலை அடுக்க.”

கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை அடுத்த நாள் தோய்க்கும்போது பையில் மடித்த சிகரெட் மட்டை ஒன்று அகப்பட்டது. பென்சிலால் அவருடைய சின்ன எழுத்து. கிணற்றுக் கட்டிலிருந்து பதினேழு அடி. புளியிலிருந்து இருபத்தொரு அடி.

செல்வமணி மட்டையை நனையாமல் எடுத்து, சட்டை காய்ந்ததும் திரும்பப் பையில் வைத்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் எல்லைக்கல் தேடிக் கொடுத்த மனிதர், தன் பிள்ளையை வைத்த இடத்தை ஒரு மரத்தையும் ஒரு கிணற்றையும் நம்பி அளந்திருக்கிறார். அவசரத்தில் அவருக்கு வேறு என்ன அகப்பட்டிருக்கும்? ஆனால் அவர் தன்னை மன்னிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைப் பற்றி எதைக் கேட்டாலும் கதை அந்த இடத்தில்தான் போய் நிற்கும். அவர் வாயால், இடம் தெரியாது என்று சொல்ல வேண்டிவரும்.

அதனால் கேட்கவில்லை. இடத்தை அவள் அன்றைக்கே விட்டுவிட்டாள். விட முடியாமல் போனது, தான் பார்க்காத அந்த முகத்தை. உலகத்தில் அதைப் பார்த்தவர் இருவர். மருத்துவிச்சியிடம் அதைக் கேட்காமலே இருந்துவிட்டாள்; மருத்துவிச்சி செத்துப் பத்து வருடமாகிறது.

பிறகு பவதாரணி பிறந்தாள், படித்தாள், சன்னிவேலில் வேலையென்று கடல் கடந்து வந்தாள், இவர்களையும் கூப்பிட்டாள். “உங்கடை தலைப்பிள்ளையோ?” என்று யாராவது கேட்டால் நகுலேஸ்வரன் எழும்பி வெளியே போய்விடுவார். செல்வமணிதான் ஓமென்று தலையாட்டுவாள். பவதாரணிக்கு ஒன்றும் தெரியாது.

பதினொரு மணியளவில் அடுத்த தெருக் கண்மணி ரசம் கொண்டுவந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, மாலை நடையில் மூன்று வருடப் பழக்கம்.

“நீங்க ஒரு வாய் குடிங்க முதல்ல. உங்களையும் படுக்க வெச்சா இந்தப் புள்ள எத்தனை கட்டில் வாடகைக்கு எடுப்பா?”

“வையுங்கோ, பிறகு குடிக்கிறன்.”

“நீங்க பிறகுன்னா அது மதியத்துக்கு மேலதானுங்க.” கண்மணி கட்டிலருகே வந்து நின்றாள். “நடக்கறப்ப எண்ணிக்கிட்டே வருவாருங்க ஐயா. எங்க வாசல்ல இருந்து தபால் பெட்டிக்கு நூத்திப் பன்னெண்டு அடின்னு சொன்னதே இவருதான். எதுக்குங்க ஐயா இப்படி எண்றீங்கன்னு கேட்டா, பழக்கம்மா, பழக்கம்பாரு.”

செல்வமணி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது பழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ரசப் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

கண்மணி போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து அவருடைய காதருகே குனிந்தாள். “இஞ்சேருங்கோ” என்றாள். அதற்குள் டொரன்டோவிலிருந்து அவருடைய தம்பி வீடியோவில் வந்துவிட்டார். பவதாரணி போனைக் கட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி தேவாரம் பாடத் தொடங்கி, இரண்டாம் வரியில் நின்றுவிட, அவருடைய மனைவி வாங்கிப் பாடி முடித்தாள். அரை மணித்தியாலம் போனது.

மத்தியானத்துக்குப் பிறகு அவருடைய மூச்சு மாறியது. இழுத்து, நின்று, திரும்ப இழுத்தது. புருவம் சுருங்கியது. செல்வமணி அதை நீவிவிட்டாள். நீவ நீவச் சுருங்கியது.

பவதாரணி சிரிஞ்சில் மருந்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நர்ஸோடை கதைச்சனான். டோஸைக் கூட்டச் சொன்னவ. இதைக் குடுத்தா நல்ல நித்திரையாப் போடுவார். அப்பா இனி எழும்பமாட்டாரெண்டு நினைக்கிறன் அம்மா.”

“கொஞ்சம் பொறு.”

“அவருக்கு நோகுது. முகத்தைப் பாருங்கோ.”

“தெரியும். ஒரு நிமிஷம் நோகட்டும்.”

பவதாரணி தாயைப் பார்த்தாள். இந்த மனிதருக்குத் தேத்தண்ணி சூடாறிப்போனால்கூடத் திரும்பக் காய்ச்சிக் கொடுத்தவள். “என்னம்மா கதைக்கிறீங்கள்? என்ன நடந்தது உங்களுக்கு?”

“நீ இதிலை இரு. நீயும் கேக்கலாம். கேக்கத்தான் வேணும்.”

மகள் உட்காரவில்லை. சிரிஞ்சைப் பிடித்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

செல்வமணி கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நகங்களைப் பவதாரணி நேற்றுத்தான் வெட்டிவிட்டிருந்தாள். கை பாரமில்லாமல் இருந்தது.

“இஞ்சேருங்கோ, நான் செல்வம். கேக்குதோ?”

விரல் ஒன்று அசைந்தது. அசைந்ததென்றுதான் நினைத்தாள்.

“அந்தச் சட்டைப் பையிலை இருந்த மட்டையை நான் அப்பவே பாத்திட்டன். நீங்கள் போய்த் தேடினதும் தெரியும். இடம் எனக்கு வேண்டாம். இடத்தைப் பற்றி உங்களிட்டை நான் கேக்கவே மாட்டன். ஒருநாளும் உங்களோடை கோவிக்கேல்லை.”

அவருடைய மூச்சு நின்றது. திரும்ப வந்தது. மூடிய இமையின் ஓரம் நனைந்திருந்தது. காலையிலிருந்து அப்படித்தான் இருந்தது. பவதாரணி சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு மெல்ல வந்து தாயின் பின்னால் நின்றாள்.

“பிள்ளை ஆரைப்போல இருந்தவள்?” என்று கேட்டாள் செல்வமணி. “அதை மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”