முன்னே போன கால்

"டை கட்டிட்டு வந்திருக்காருடி" என்றாள் ஜினெத், என் உடையின் முதுகுக் கொக்கிகளை மாட்டியபடி. பல வருடமாக எனக்கு உடை மாட்டிவிடுபவள் அவள்தான். "சாதாரண நாள்ல நம்ம இயக்குநர் கசங்கின ஸ்வெட்டர்லதானே அலைவாரு? இன்னிக்கு உனக்குத்தான்."

"சும்மா இரு. வாயை வைக்காதே" என்றேன்.

எங்கள் பாலே குழுவில் மற்ற படிகளையெல்லாம் பரீட்சை எழுதுவதுபோல ஆடிக் காட்டி ஏறிவிடலாம். உச்சியிலிருக்கும் 'நட்சத்திரம்' பட்டம் மட்டும் அப்படி வராது. ஆட்டம் முடிந்து, கைதட்டலுக்கு நடுவே இயக்குநர் மைக்கோடு மேடைக்கு வந்து பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமலே ஒரு ஆயுள் போய்விடலாம். பாரிஸ் பத்திரிகைகள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. ரொட்டிக் கடைக்காரி கையெழுத்து வாங்குகிறாள். நான் எப்போதோ நட்சத்திரம் ஆகிவிட்டதாகத்தான் எல்லாருக்கும் நினைப்பு. இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு இல்லையென்றால் இனி எப்போது?

கடைசி அங்கம் முழுக்க மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் ஜோடி கொரந்தான், இருபத்து மூன்று வயதுப் பையன், என்னைத் தலைக்கு மேல் தூக்கியபோதுகூட ஓரத் திரைக்குப் பின்னால் அந்த டை தெரிகிறதா என்றுதான் தேடினேன்.

"மாய்லிஸ், இங்க பாருங்க. விழுந்து தொலைக்கப் போறீங்க" என்று சிரித்த முகத்தோடே பல்லைக் கடித்தான்.

திரை விழுந்தது, மறுபடி ஏறியது. இயக்குநர் மைக்கோடு வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. கொரந்தானின் வியர்த்த கை என் கையில் இருந்தது.

"இன்னிக்கு நான் நட்சத்திரமா அறிவிக்கிறது..." என்று நிறுத்தினார். அந்த இடைவெளியில் என் கால் முன்னால் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை.

"...கொரந்தான் லெ பெலெக்!"

வைத்த காலை அத்தனை பேர் முன்னால் எப்படிப் பின்னால் இழுப்பது? அப்படியே அவன் பக்கம் திரும்பி, முழங்காலைத் தரைவரை இறக்கித் தலை வணங்கினேன். கைதட்டல் இரட்டிப்பானது. என்ன பெரிய மனசு என்று மாடத்தில் யாராவது கண்ணைத் துடைத்திருப்பார்கள். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

அவன் அரங்கத்தைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று எனக்கெதிரே அவனும் மண்டியிட்டான்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

"எழுந்திருடா மடையா. எல்லாரும் பாக்கறாங்க."

"நீங்க முதல்ல எழுந்திருங்க."

எழுந்தால் அழுதுவிடுவேன். அதனால் எழவில்லை, அவனும் எழவில்லை. இயக்குநர் மைக்கைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றார். மாடங்களிலிருந்து அவனுக்கென்று வீசிய பூங்கொத்துகளில் பாதி என் முதுகில் வந்து விழுந்தன.