முப்பது சதவீத வெளிச்சம்

1

இந்தக் கதை ஜெர்மனியின் எம்டன் ஊரில், ஒரு மீன்தொட்டிக் கடையில், சனிக்கிழமை காலை எனக்குக் கிடைத்தது. (ஆமாம், சென்னையில் குண்டு போட்ட கப்பலுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான்.) ‘கிடைத்தது’ என்பதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு தொடக்கம் வேண்டும்.

‘கடலுக்கடியில் ஒரு வண்ண உலகம்—’

சீ, சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.

‘எக்கெர்ட்டின் மனைவி செத்துக்கொண்டிருந்த மாதத்தில் அவள் தொட்டியின் விளக்குகளும் மங்கிப்போயின.’ இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

எக்கெர்ட் துறைமுகத்தில் கப்பலில் கார் ஏற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வீப்கெ. கூடத்தில் உயிருள்ள பவளங்கள் வளர்ந்த தொட்டி அவளுடையது, பதினான்கு வருட வளர்ப்பு. தண்ணீர் வாளி தூக்குவதோடு எக்கெர்ட்டின் பங்கு முடிந்துவிடும்.

நவம்பரில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். இங்கே குழல் விளக்குகள் மங்க மங்க, பவளங்கள் மொத்தமும் பழுப்பாகிவிட்டன. அரசு தடை செய்துவிட்டதால் அந்தக் குழல்களை இப்போது எந்தக் கடையிலும் விற்பதில்லை. (விவரமானவர்கள் முன்பே வாங்கிக் கட்டிலுக்கடியில் பதுக்கினார்கள். வீப்கெயும் பதுக்கினாள், தீர்ந்துவிட்டது.)

“தொட்டி எப்படி இருக்கு?” தினமும் கேட்பாள்.

“இருக்கு.”

“ஒரு போட்டோ காட்டேன்.”

“நாளைக்கு.”

அவள் கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒருமுறை அதைப் பழைய நிறத்தில் காட்டிவிட வேண்டும். எக்கெர்ட்டுக்கு வேறு ஆசையே இல்லை.

3

கடைக்காரி பெயர் ஸ்வான்ட்யெ. எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“இது உங்க பழைய குழல் மாதிரி சாது இல்ல. முப்பது சதவீதத்துல ஆரம்பிங்க. வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. அவசரப்பட்டா பொசுங்கிடும்.”

“நிறம் திரும்ப எத்தனை நாளாகும்?”

“ரெண்டு மூணு மாசம்.”

“என் சம்சாரத்துக்கு ரெண்டு வாரம்தான்னு சொல்லியிருக்காங்க.”

அவள் விளக்கைத் துணியால் துடைத்தாள். துடைக்க அதில் தூசி இல்லை.

“பவளத்துக்கு அது தெரியாதுங்களே,” என்றாள்.

[இந்த இடத்தில் கடையில் இன்னொரு ஆள் இருந்தான். மூன்று பிரதிகளிலும் அவனை வெட்டிவிட்டேன். கதைக்கு அவன் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.]

4

வீட்டுக்கு வந்து நூறில் வைத்தார். ஆறாம் நாள் தொட்டி பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாக எரிந்தது. பதினான்கு வருடத்தில் அது அப்படி இருந்ததே இல்லை. எக்கெர்ட் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

(அடிக்குறிப்பு: பவளத்துக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. அந்தப் பழுப்பு அதனுடையது. பவளத்துக்குச் சோறு போடுவதும் அதுதான். வெளிச்சம் தாங்காவிட்டால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பழுப்பு போனதும் அடியிலிருக்கும் நிறம் தெரியும். சில நாள் ஜொலிக்கும், பிறகு வெள்ளை. எக்கெர்ட்டுக்கு அன்று இது தெரியாது. வீப்கெக்குத் தெரியும்.)

போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“எத்தனைல வச்சிருக்க?”

“முப்பதுல.” திட்டுவாள் என்ற பயம்.

“முப்பதா?”

“கடைக்காரி சொன்னபடிதான்.”

“நல்லாருக்கு எக்கெர்ட்,” என்றாள். “ரொம்ப நல்லாருக்கு.” பிறகு போனை வாங்கி நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அதற்கு நான்காம் நாள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து அவர் வீடு திரும்பியபோது தொட்டி முழுக்க வெள்ளையாக இருந்தது.

5

முடிவு ஒன்று: மருந்து மயக்கத்தில் அவளுக்கு எதுவும் புரியவில்லை. நிறத்தைப் பார்த்தாள், சந்தோஷமாகப் போனாள்.

முடிவு இரண்டு: பார்த்த உடனே புரிந்துவிட்டது. தன் பதினான்கு வருடம் சாவதைப் பார்த்துக்கொண்டே, அவருக்காக ‘நல்லாருக்கு’ என்று—

எழுத முடியவில்லை. வெட்டிய ஆளைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் முடியும் போலிருக்கிறது.

அவன் நான்தான். அவர்கள் வீட்டு மாடியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். அன்று விளக்குப் பெட்டியைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார். கடை வாசலில் என்னைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். பவளத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. “நாள் இல்லையே, முழுசா வைங்க,” என்றேன்.

நேற்று அவர் வீட்டில் தேநீர். கோப்பைக்குள் கரண்டியைப் போட்டால்தான் இங்கே ஊற்றுவதை நிறுத்துவார்கள். நான் போடவில்லை, அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். விளக்கை இப்போது முப்பதில் வைத்திருக்கிறார். பாறைக்கடியில், நிழலில், நகத்தளவு பழுப்பு ஒன்று மிஞ்சியிருந்தது.

“உசுரோட இருக்கா அது?” என்று கேட்டேன்.

“பழுப்பாதானே இருக்கு. இருக்கும்.”

அவர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? நீங்க என்ன சொல்றீங்க?”

போன தடவை அவர் இப்படிக் கேட்டபோது பதில் சொன்னவன் நான். இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.