ஒரு வரி போதும்

...ஒன்பது வரி, யார் படிப்பார்கள் ஒன்பது வரியை, கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வரிசைகட்டி வந்து நிற்கிற பூட் மெனு, எது வேண்டும் சொல் சொல் என்று பத்து விநாடி கெடு வேறு. இன்று நாலு மணிக்குள் பள்ளிக்கூடங்களுக்குப் புது சிஸ்டம் சாஃப்ட்வேர் போயாக வேண்டும், அதில் ஒரே வரிதான் இருக்கும், ஐரின் அடித்துச் சொல்லிவிட்டாள், மேனேஜர் கஸ்தூரிரங்கன் சாரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவருக்கென்ன, "இர்லி பிடும்மா, இருந்துட்டுப் போகட்டும், யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும்" என்பார் பாதிக் கன்னடத்தில், கல்யாணப் பந்தியா இது? கீழே பட்டறையில் லேத் வேறு கிர்ரென்று... பெங்களூர் ஆடுகோடியில் ஆபீஸ் பிடித்த புண்ணியவான் நல்லா இருக்கட்டும், காது போனாலும் போகட்டும், இன்றைக்கு விடுவதாக இல்லை.

யசோதா டீச்சர் விஷயம் இன்னும் ஆறவில்லை. ஹெப்பகோடி ஸ்கூலில் கணக்கு டீச்சர், லேப்பையும் தலையில் கட்டிவிட்டார்கள், பாவம், ஒவ்வொரு மானிட்டரிலும் சீட்டு ஒட்டிவைத்திருந்தார், 'கீழ் அம்புக்குறி மூணு தடவை, அப்புறம் எண்டர்'. படிக்கிற வேலையே இல்லை, விரல் எண்ணினால் போதும், பிள்ளைகளும் அப்படியே பழகிவிட்டார்கள். போன மாதம் மெனுவில் மேலே புதிதாக ஒரு வரியைச் செருகினது யார்? நான்தான், இந்த ஐரின்தான், வேறு யார், மெமரி சோதனைக்கு ஒரு வரி, செருகிவிட்டு நானே மெச்சிக்கொண்டேனே, சீ... எல்லா வரியும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது, மூணு தடவை தட்டினால் 'அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு'. நிச்சயமா என்றுகூட ஒரு வார்த்தை கேட்காது அந்தச் சனியன். இருபது பிள்ளைகள், இருபது விரல், கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வருஷ ப்ராஜெக்ட் மொத்தமும் போச்சு. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது டீச்சருக்கு, எனக்கில்லை. இன்னொரு தடவை அந்த லேபில் அப்படி நடந்தால் நான் மனுஷியே இல்லை... தூக்கு, மெமரி சோதனையைத் தூக்கு, பழைய பதிப்பைத் தூக்கு, அழிப்பதை முதலில் தூக்கு, எட்டு வரியும் போயிற்று, அப்பாடா, புதுப் பதிப்பை நேராக ஓட்டுகிற முதல் வரி மட்டும் தனியாக நிற்கிறது, இனி யாரும் தப்பான வரியைத் தட்ட முடியாது. கை பரபரத்தது, டீச்சருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டால் என்ன?

"டீச்சர், நான் ஐரின். அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க. இனிமே முதல் வரி மட்டும்தான், அதுவா ஓடிடும்."

"மொதல் வரியாம்மா?" டீச்சர் குரல் இறங்கிவிட்டது. "எங்க மெஷினெல்லாம் பழசு, அதுல போனா ஸ்கிரீன் கறுப்பா நின்னுடுமே. அதனாலதானே நாங்க கீழ பழைய பதிப்புக்குப் போறதே."

கீழே போவதே அதனால்தானா... நாலு மீட்டிங் போட்டோம், மன்னிப்புக் கடிதம் எழுதினோம், எத்தனை வரி எத்தனை வரி என்று மல்லுக்கு நின்றோம், அந்தம்மா ஏன் கீழே போனார் என்று ஒருத்தராவது, ஐயோ, நானாவது... மணி மூன்றே கால். லேத் நின்றிருந்தது.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் டீச்சர். மெஷினைப் போட்டதும் என்ன ஆகும், மொதல்லேர்ந்து சொல்லுங்க."