பிளக் இருந்த அறை

நான் கேம் விளையாடுகிறவள் இல்லை. யாழ்ப்பாண ரவுனில் ஏறி இறங்கிய நாலு கடையிலும் இதைச் சொல்லிச் சொல்லியே வாய் நொந்துபோனது. கேமிங் லப்டொப் என்றதும் தம்பிக்கோ என்று கேட்பார்கள். எனக்குத்தான் என்றால் ஒரு சிரிப்பு. பிறகு சிவப்பும் நீலமுமாக எழுத்து மினுங்குகிற பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்து, விலையைச் சொல்லாமல் என் செருப்பைப் பார்ப்பார்கள்.

எனக்குத் தேவைப்பட்டது அதற்குள் இருக்கிற கிராபிக்ஸ் காட். வெளிநாட்டில் இருக்கிற சனம் இங்கே கட்டப்போகும் வீடுகளை, கட்டமுன்னமே உள்ளுக்குள் நடந்து பார்ப்பதுபோலப் படமாக்கிக் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்று என்னை வேலைக்கு எடுத்திருந்தது. மெசின் மட்டும் நான் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். பட்டம் முடித்து இரண்டு வருசம். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் இருந்து கம்பசுக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை வைத்து இரண்டு வருசமும் ஒரு கிலோ சீனிகூட வாங்க முடியவில்லை.

அம்மா சீட்டு எடுத்துத் தந்தது ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். புதிதென்றால் மூன்று லட்சத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பழையதில் என் காசுக்கு வந்ததெல்லாம் மூன்று கிலோ, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் வேறு. அந்த ஆபீசில் பொருளை வைத்துவிட்டு வர இடம் இல்லை. ஒவ்வொரு நாளும் தோளில் கொண்டுபோய்த் தோளில் கொண்டுவர வேண்டும். ஆகவே பாரம் குறைந்தது, காட் பெரியது, விலை சின்னது. இப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பேஸ்புக்கில் அது வந்தது.

ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். ஆறு ஜிபி காட். ஒரு லட்சத்து எண்பதாயிரம். இடம் வட்டுக்கோட்டை. அதே சாமான் மற்ற இடங்களில் இரண்டரை லட்சத்துக்குப் போகிறது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். போட்டிருந்த ஆளின் பெயர் பிரியந்தினி. அதுதான் என்னை நம்ப வைத்தது. வந்து வடிவாய் ரெஸ்ற் பண்ணிப் பாருங்கோ அக்கா, நான் வீட்டிலைதான் நிப்பன் என்று மறுமொழி வந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சிநேகிதி ஜெயகௌரி வீட்டுக்குப் போறன் என்றேன். சொன்னால் மாமாவின் மகனைத் துணைக்கு அனுப்புவா. அவன் முன்னுக்கு நின்று விற்கிறவரோடு கதைப்பான், படித்த நான் பின்னால் பையோடு நிற்பேன். மினுங்குகிற லைட்டைப் பார்த்து அவன்தான் சாமானும் தெரிவுசெய்வான். எனக்கு அது தேவையில்லை என்று நினைத்தேன். அந்த ரோசம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.

சனிக்கிழமை இரண்டு மணி. பஸ்ஸால் இறங்கி, சந்தியில் இருந்த கடையில் வழி கேட்டு, புகையிலைத் தோட்டத்துக்கு நடுவால் போகும் ஒழுங்கையில் பத்து நிமிசம் நடந்தேன். கடைசி வீடு. உயர்ந்த மதில். கேற்றைத் திறந்தது ஒரு ஆம்பிளை. முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேட், வடிவாகச் சீவி இழுத்த தலை. பெயர் றஞ்சித், பிரியந்தினி தன் மனிசி என்றார். அவ சண்டிலிப்பாயில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாவாம், இப்போது வந்திடுவாவாம்.

நான் உள்ளே வந்ததும் கேற்றைப் பூட்டினார். மாடு வந்திடும் என்றார். திறப்பைச் சேட் பொக்கற்றுக்குள் போட்டார்.

விறாந்தையில் கதிரை போட்டு லப்டொப்பைக் கொண்டுவந்து தந்தார். பாஸ்வேட்டை ஒரு விரலால் குத்தினார். நான் பார்க்காத மாதிரி இருக்க, அவரே சொன்னார், அது தன் பெயர்தானாம்.

"நான்தான் அவவைக் கொண்டு வைப்பிச்சனான்" என்றார்.

மூடித் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தையும் அமத்திப் பார்த்தேன். திரையில் கீறல் இல்லை. தூக்கினேன். என் கொப்பிப் பையைவிடப் பாரம் குறைவு. அந்த நேரம் எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

ஆனால் இப்படிப் பார்த்து வாங்க முடியாது. பழுதாகித் திருத்திய காட் பத்து நிமிசம் ஒழுங்காக ஓடும், இருபதாவது நிமிசம் சூட்டில் செத்துப்போகும். அரை மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பற்றறியில் இந்த மெசின்கள் பாதி வேகம்கூடப் போகாது. கறண்டில் செருக வேண்டும்.

பிளக் எங்கே என்று கேட்டேன். விறாந்தையில் இருப்பது வேலை செய்யாது என்றார். ஹோலில் இருப்பதில் ரிவி செருகியிருக்காம். உள் அறையில்தான் நல்ல பிளக் இருக்கு, வாங்கோ என்றார்.

திரும்பிப் போயிருக்கலாம். போயிருந்தால் திங்கட்கிழமை போயிருக்கும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன்.

அறையில் ஒரு கட்டில், மேசை, கண்ணாடி வைத்த அலுமாரி. யன்னல் சாத்தியிருந்தது. கதிரையை இழுத்து வாசலைப் பார்த்தபடி போட்டேன். சோதனையைத் தொடக்கினேன். திரையில் ஒரு மூலையில் சூடு, மறு மூலையில் நேரம். காற்றாடி இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் வெளியே ஒருவர் நடந்தாலும் எனக்குக் கேட்காது, நான் கத்தினாலும் வெளியே கேட்காது என்பது இரண்டாவது நிமிசத்தில்தான் விளங்கியது.

தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. ஐந்தாவது நிமிசம், அண்ணை சந்தியில் நிற்கிறார், கெதியாய் முடிக்க வேணும் என்று ஒரு பொய் சொன்னேன். எனக்கு அண்ணை இல்லை.

அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் தனியத்தானே இறங்கினனீங்கள். நான் அந்தக் கடையிலை நிண்டனான், கண்டனான்" என்றார்.

வழி கேட்டபோது பக்கத்தில் நின்றவர், கூட வராமல், வேறு வழியால் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கேற்றைத் திறந்திருக்கிறார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். இப்போது அறைக்கு இருந்த ஒரே வழியில் அவருடைய முழங்கால்.

சூடு எழுபத்தாறு. நேரம் பதினொரு நிமிசம்.

கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டும் என்று அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் தூசு. வரும்போது பார்த்த கொடியில் ஆம்பிளைச் சாரங்கள் மட்டும் காய்ந்தன. வாசலில் பொம்பிளைச் செருப்பு இருக்கவில்லை. சோதனை ஓடிக்கொண்டிருக்க, வேறு பக்கத்தைத் திறப்பதுபோல உள்ளே இருந்த கோப்புகளைப் பார்த்தேன். கலியாண வீட்டு அல்பங்கள், வீடியோக்கள். மாப்பிள்ளை பொம்பிளை பெயரில் ஒவ்வொன்றும் ஒழுங்காக அடுக்கியிருந்தது. பிரியந்தினி கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள். கடைசியாகக் கைபட்ட திகதி நாலு மாதத்துக்கு முன்னம். இன்று வரப்போவதாகச் சொன்ன மனிசி நாலு மாதமாக இந்த மெசினைத் தொடவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் வாய் எப்போதும் எனக்கு முதல் போய்விடும்.

"இது ஆரின்ரை லப்டொப், அண்ணை?"

"மனிசியின்ரை. மனிசியின்ரை எண்டால் என்ரைதானே."

"நேற்று என்னோடை மெசேஜிலை கதைச்சது?"

"நான்தான். பொம்பிளைப் பேர் எண்டால்தானே உங்களை மாதிரி ஆக்கள் நம்பி வருவினம். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

பயப்படாதே என்று ஒரு ஆம்பிளை சொன்னால் அதற்குப் பிறகு பயப்படாமல் இருக்க முடியாது. எழும்பினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். வாசல், ஹோல், விறாந்தை, பூட்டிய கேற், உயர்ந்த மதில், புகையிலைத் தோட்டம். நான் இங்கே இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அம்மா இப்போது ஜெயகௌரியின் வீட்டில் நான் தேத்தண்ணி குடிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பா.

அவர் கதைக்கத் தொடங்கினார். குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மனிசி பகல் முழுக்க இதற்கு முன்னால்தானாம். போனில் கலியாண வீட்டுப் பெடியளோடு சிரிப்பாம். கையில் நாலு காசு வந்ததும் தலை நிமிர்ந்துவிட்டதாம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாவாம். பொம்பிளைக்கு உந்தப் பெட்டி ஒன்றைக் கொடுத்தால் குடும்பம் போய்விடும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் படிச்ச பிள்ளை. சொல்லுங்கோ, அவ செய்தது சரியோ?"

கம்பசில் மேடை ஏறிப் பெடியளோடு சண்டை பிடித்தவள் நான். படிப்பிக்கிற எந்தச் சேரோடும் மல்லுக்கட்டியவள். சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. திரையில் பத்தொன்பதாவது நிமிசம்.

"பிழைதான் அண்ணை" என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. என்ன பிழை என்று கேட்டார். சொல்லாமல் போனது பிழை, புருசனுக்கு மறைத்து மற்ற ஆக்களோடு கதைத்தது பிழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முகமும் தெரியாத ஒருத்தியை, அவளுடைய மேசையில், அவளுடைய மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டு, பதினொரு நிமிசம் திட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முழங்கால் மெல்ல மெல்ல வாசலை விட்டு விலகியது.

முப்பது நிமிசம். சூடு எண்பத்துநாலில் நின்றது. காட் சாகவில்லை. நல்ல சாமான்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வாங்கினால்தான் கேற் திறக்கும் என்று எனக்குப் பட்டது. காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பொக்கற்றுக்குள் வைத்து, திறப்பை எடுத்தார். எந்த இடத்தில் வேலை என்று கேட்டார். ஒரு புத்தகக் கடையின் பெயரைச் சொன்னேன். ஒழுங்கையின் பாதி வரைக்கும் நடந்தேன். பிறகு ஓடினேன். பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, பட்டதாரி, புகையிலைத் தோட்டத்துக்கு நடுவால்.

பொலிசுக்குப் போயிருக்கலாமே என்று பிறகு ஜெயகௌரி கேட்டாள். போய் என்ன சொல்லுறது? கேற்றைப் பூட்டினவர், தேத்தண்ணி தந்தவர், கதைச்சவர் என்றோ? என்மேல் ஒரு விரலும் படவில்லை. அங்கே இருக்கிறவன் முதலில் கேட்கப்போவது நீ ஏன் தனியப் போனாய் என்றுதான்.

ஒவ்வொரு அல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் பிரியந்தினியின் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அதை ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், போன் எடுக்கவில்லை. ஆத்திரக்காரி என்று எனக்குப் பெயர், ஆனால் உண்மையில் நான் கோழை. எடுத்தால் லப்டொப்பைத் திருப்பித் தாங்கோ என்று கேட்பாள். கேட்டால் என் திங்கட்கிழமை போச்சு. திங்கட்கிழமை லப்டொப்பைக் கொண்டு வேலைக்குப் போனேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு கிளிநொச்சிக்காரரின் மாடி வீட்டைப் பத்து நிமிசத்தில் படமாக்கிக் காட்டினேன். நிரந்தரமாக வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பிரியந்தினிக்குப் போன் எடுத்தேன்.

நான் யார், அவளுடைய லப்டொப்பை எங்கே வாங்கினேன் என்று சொன்னேன். அவள் முதலில் கேட்டது லப்டொப்பைப் பற்றி இல்லை.

"அவர் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

இல்லை என்றேன். நான் அவளைப் பற்றி என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நல்லது செய்தனீங்கள், நானும் அப்பிடித்தான் ஏழு வருசம் ஓம் ஓம் எண்டு சொன்னனான் என்றாள். பிறகு அழுதாள். மூன்று கலியாணத்து அல்பம் பாதியில் கிடக்கிறதாம், முற்பணம் தந்த சனம் அவளைக் கள்ளி என்று பேசுகிறதாம்.

நான் பயந்திருந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. நானே கேட்டேன், உங்களுக்கு லப்டொப் வேணுமோ என்று.

"வேணும்" என்றாள். அதைத் திருப்பி வாங்கத் தன்னிடம் காசு இல்லை என்றாள். அதைத் திருப்பித் தந்தால் எனக்கு வேலை இல்லை என்றேன். சனி ஞாயிறில் எனக்கு அது தேவையில்லை என்றும் சொன்னேன்.

இப்போது கிழமை நாட்களில் அது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் பண்டத்தரிப்பில் அவள் ஒளிந்திருக்கிற உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், ஞாயிறு பின்னேரம் போய் எடுத்துவருகிறேன். பாஸ்வேட்டை முதல் நாளே மாற்றினோம். முதல் கலியாணத்தின் அல்பம் முடிந்துவிட்டது. மெசின் பாரம் இல்லை, தூக்கலாம்.

ஆனால் போன கிழமை, பேஸ்புக் மெசேஜில் நான் கொடுத்திருந்த நம்பருக்கு றஞ்சித் போன் எடுத்தார். லப்டொப் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நல்லாய் ஓடுது அண்ணை என்றேன். நான் சொன்ன புத்தகக் கடையில் விசாரித்தாராம், அப்படி ஒரு பிள்ளை அங்கே இல்லையாம். சும்மா கேட்டனான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது ஒரு வழி இருக்கிறது, அது நான்தான். அவர் எடுத்ததைச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு நான் வராமல் விடட்டோ என்று பிரியந்தினியிடம் கேட்டேன். இரண்டு அல்பம் இன்னும் கிடக்கு, வாங்கோ என்றாள்.

நேற்று மானிப்பாயில் இறங்கி, அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். பின்சீற்றில் இருந்தேன், ஏறுகிற ஒவ்வொரு முகமும் தெரியட்டும் என்று. பண்டத்தரிப்புச் சந்திக்கு இரண்டு தரிப்பு முன்னமே இறங்கினேன். என்னோடு ஒரு கிழவரும் ரியூசன் பிள்ளை ஒன்றும் இறங்கினார்கள். அவர்கள் போகும்வரைக்கும் பஸ் தரிப்பில் நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. ஹெல்மெற் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. அது என்னைத் தாண்டிப் போய், வளைவில் மறைந்தது. சத்தம் முழுக்க அடங்கும்வரைக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அது போன திசைக்கு எதிர்ப்பக்கமாக, தோட்டங்களுக்குள்ளால் சுற்றி, அவள் வீட்டுக்கு நடந்தேன்.